அளத்தான் வராத நாற்பத்தொரு பேர்

"இந்த விளையாட்டு ரொம்ப அமைதியா இருக்கு. வெள்ளை வெளேர்னு உப்பளம். காத்து வீசிக்கிட்டே இருக்கு. யாரும் நம்மளக் கூப்பிட மாட்டாங்க. வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் இங்க உக்காந்துட்டு அப்புறமா சோறு பொங்கப் போவேன். செஞ்ச புள்ளைக நல்லா இருக்கணும்."

'வெள்ளை அளம்' வெளியான நாற்பதாம் நாள் இந்த விமர்சனம் வந்தது. எழுதியவர் பெயர் வேல்தாய், ஊர் சாத்தூர். விளையாடிய நேரம் முப்பத்தெட்டு மணி என்று பெயருக்குப் பக்கத்தில் போட்டிருந்தது.

பிரிசில்லா அதை மூன்று முறை படித்தாள். அவளும் மொய்தீனும் மூன்று வருடம் பாடுபட்டுச் செய்தது ஒரு பேய் விளையாட்டு. அதுவரை வந்த விமர்சனங்களில் ஒருவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்ததில் அது உடைந்துவிட்டது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், ஒரு வாரமாக வீட்டில் உப்புச் சாடியைத் தொட முடியவில்லை என்றார். பயந்தேன், அலறினேன், வேர்த்துவிட்டேன் என்று இருபத்தாறாயிரம் பேர் விளையாடிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு பெண்மணி காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாராம்.

அந்த விமர்சனத்தின் அடியில் கேலி குவிந்திருந்தது. 'அக்கா எந்த விளையாட்ட வெளயாடுறீங்க?' 'வால்பேப்பரைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்கப்பா.' வேல்தாய் யாருக்கும் பதில் சொல்லவில்லை.

பிரிசில்லாவுக்கு வயது முப்பத்தாறு. பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஒன்பது வருடம் மற்றவர்களுடைய விளையாட்டுகளுக்குப் புல்லும் துப்பாக்கியும் வரைந்து கொடுத்துவிட்டு, அலுத்துப்போய் சொந்த ஊரான தூத்துக்குடிக்கு வந்தவள். மொய்தீன் அவளோடு கல்லூரியில் படித்தவன், காயல்பட்டினத்துக்காரன், சத்தங்களை உருவாக்குவதில் கெட்டிக்காரன். பிரையண்ட் நகரில் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. நிறுவனம் என்றால் அவ்வளவுதான்.

விளையாட்டும் எளிமையானதே. நானூறு ஏக்கர் கைவிடப்பட்ட உப்பளம். அதில் மாட்டிக்கொண்ட நீங்கள் நல்ல தண்ணீர் தேடி, நிழல் தேடி, ஏழு நாள் உயிரோடு இருக்க வேண்டும். உங்களுக்குப் பின்னால் அளத்தான் வருவான். உடம்பெல்லாம் உப்பு பூத்த, முகமில்லாத ஓர் உருவம். மைக் வழியாக உங்கள் மூச்சைக் கேட்பான். கைப்பட்டை வழியாக உங்கள் பயத்தை அளப்பான். அளத்தில் இருப்பதால் மட்டுமல்ல, அளப்பதாலும் அவன் அளத்தான்தான் என்று சொல்லிச் சிரிப்பான் மொய்தீன்.

கைப்பட்டை என்பது அந்த வருடங்களில் எந்தப் போன் வாங்கினாலும் கூடவே கொடுத்த மணிக்கட்டுப் பட்டை. நாடித்துடிப்பு, தோலின் வேர்வை, இரண்டு துடிப்புக்கு நடுவே உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் சேர்த்து, நூறுக்கு எத்தனை பயம் என்று அது விளையாட்டுக்குச் சொல்லும். பயம் ஏற ஏற அதன் விளக்கு பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மாறும். பயம் குறைந்தால் அளத்தான் நெருங்குவான்.

"கோளாறாத்தான் இருக்கும்," என்றான் மொய்தீன். "பட்டைய கட்டாம விளையாடுதாங்களோ என்னமோ."

"கட்டலன்னா ஆட்டமே தொறக்காதே."

"அப்ப பட்டை கெட்டுப்போயிருக்கும்."

ஒவ்வொருவருடைய பயக்கணக்கும் தினமும் அவர்களுக்கு வந்து சேரும். பெயர் இருக்காது, பட்டையின் எண் மட்டும் இருக்கும். விளையாட்டைச் சீர்படுத்த என்று சொல்லித்தான் வாங்கினார்கள். யாரும் படிக்காத ஒரு நீண்ட பக்கத்தின் கடைசியில் எல்லோரும் சம்மதம் என்று அழுத்தியிருந்தார்கள். முப்பத்தெட்டு மணி நேரம் விளையாடியும் அளத்தானை ஒரு முறைகூடப் பார்க்காத எண்ணைத் தேடிப் பிடிப்பது பெரிய வேலையில்லை.

மற்றவர்களின் கோடுகள் மலையும் பள்ளமுமாக இருந்தன. அந்த எண்ணின் கோடு மட்டும் உச்சியில் பலகை வைத்த மாதிரி நேராக ஓடியது.

"பாத்தியா, பட்டை போச்சு," என்றான்.

"போயிருந்தா ஒரே நம்பரா வரும். இங்க பாரு, தொண்ணூத்தி ரெண்டு, தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தொண்ணு. அசையுது. உயிரு இருக்குத கோடு இது." பிரிசில்லா கோட்டின் தொடக்கத்துக்குப் போனாள். "முதல் நாள், முதல் நிமிஷம். திரையில வெறும் தலைப்புதான் ஓடுது. அப்பவே தொண்ணூத்தி மூணு."

காரணம் அவளுக்குத் தெரியும். விளையாட்டின் நிரலில் அந்த வரியை எழுதியவளே அவள்தான். இரண்டாம் வருடம் சோதித்துப் பார்க்கும்போது மொய்தீன் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கே பயந்துபோய் ஒரு பாதுகாப்பு வைத்தாள். யாருடைய பயமாவது தொண்ணூறைத் தாண்டினால் அளத்தான் விலகிப் போய்விட வேண்டும், தொண்ணூறுக்குக் கீழே இறங்கும்வரை திரும்பி வரக் கூடாது.

"இவங்க ஒரு நாளும் கீழ எறங்கவே இல்ல மொய்தீன். அதான் அவன் வரல."

இருவரும் பட்டியல் முழுவதையும் துழாவினார்கள். இருபத்தாறாயிரத்தில் அப்படி நாற்பத்தொரு பேர் இருந்தார்கள்.

"தைராய்டா இருக்கும். ரத்தசோகையா இருக்கும். அதுக்கும் இப்படித்தான் துடிக்கும்," என்றான் மொய்தீன்.

"பாதிப் பேருக்கு அப்படியே இருக்கட்டும். மீதிப் பேருக்கு?"

ஊரையே பயமுறுத்த அவர்கள் கட்டிய இடத்தில், ஏற்கெனவே பயந்துபோயிருந்தவர்கள் வந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார்கள்.

அதை நிதானமாக யோசிக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த வாரம்தான் ஆட்டுக்குட்டி வந்தது.

கோகுலன் என்று ஈரோட்டில் ஒருவன். அவன் விளையாடுவதை இருபது லட்சம் பேர் பார்ப்பார்கள். கைப்பட்டையைத் தன் ஆட்டுக்குட்டியின் காலில் கட்டிவிட்டு விளையாட உட்கார்ந்தான். ஆட்டுக்கு மனிதனைவிட வேகமாகத் துடிக்கும் இதயம். விளையாட்டோ, ஆள் பயத்தில் சாகப்போகிறான் என்று நினைத்துக்கொண்டது. அளத்தான் தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நின்றானே தவிர, கிட்டே வரவில்லை. கோகுலன் பிரியாணி தின்றுகொண்டே ஏழு நாளையும் நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, குட்டியைத் தூக்கிக் காட்டி, "சாம்பியன்!" என்றான்.

அப்புறம் கோழி வந்தது, முயல் வந்தது, நாய் வந்தது. சிலர் துடிப்பை ஏற்றிக்கொள்ளக் கயிறு தாண்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கஷ்டப்பட்டு ஏழு நாளைக் கடந்தவர்களுக்கெல்லாம் கொதித்தது. 'மிக நன்று' என்றிருந்த மதிப்பீடு ஒரே வாரத்தில் 'கலவையான கருத்து' என்று இறங்கியது. 'ஆட்டுக்குட்டி விளையாட்டு' என்றே பெயராகிவிட்டது. செய்தவள் ஒரு பெண் என்று தெரிந்ததும் வந்த கடிதங்களை மொய்தீனே முதலில் படித்துப் பாதியை அழித்தான். டிவியில் வைத்து விளையாடும் பெட்டிகளுக்கும் 'வெள்ளை அள'த்தைக் கொண்டுபோக ஒப்பந்தம் பேசியிருந்த நிறுவனம், மாதக் கடைசிக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று எழுதியது.

"சரிசெய்யறது லேசு," என்றான் மொய்தீன். "முதல் அஞ்சு நிமிஷம் ஆளுக்கு என்ன துடிப்போ அதையே அவங்க தரைன்னு வச்சுக்கிடுவோம். அதுக்கு மேல எவ்வளவு ஏறுதுன்னு மட்டும் அளப்போம். ஆட்டுக்கு ஆட்டோட தரை, மனுஷனுக்கு மனுஷனோட தரை. முடிஞ்சுது கதை."

"வேல்தாயோட தரை தொண்ணூத்தி மூணு."

"ஆமா."

"அப்ப அதுக்கு மேலதான் அளப்போம். எல்லார்ட்டயும் வர்ற மாதிரி அவங்கள்ட்டயும் வந்து நிப்பான்."

மொய்தீன் நாற்காலியைத் திருப்பினான். "பிரிசி, அவங்க வாங்கினது பேய் விளையாட்டு. பேய் வரத்தான் செய்யும். அதுக்குத்தான மூணு வருஷம் உக்காந்து செஞ்சோம்? உப்பு மேல அவன் நடக்குற சத்தத்துக்கு மட்டும் நான் எட்டு மாசம் அளத்துக்கு நடையா நடந்தேன். நாப்பத்தொரு பேருக்காக இதெல்லாத்தையும் விட்ருவமா?"

"விடச் சொல்லல. அவங்களக் கேக்காம செய்ய வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

அன்று மாலையே வேல்தாய்க்கு எழுதினாள். தன்னை யாரென்று சொல்லி, ஒரு முறை பேச முடியுமா என்று கேட்டாள். மறுநாள் பதிலாக ஒரு போன் நம்பரும் ஒரு வரியும் வந்தன. 'ஞாயித்துக்கெழம லீவு. வீட்டுக்கு வா தாயி.'

சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரயில்வே கேட் தாண்டி, இரண்டு தெரு நடக்க வேண்டியிருந்தது. வேல்தாய் வாசலிலேயே நின்றாள். நாற்பத்தேழு வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெட்டி வெட்டி நடக்கும் நடை, வாய் நிறையச் சிரிப்பு. வளையல் இல்லாத கையில் கைப்பட்டை மட்டும் சிவப்பாக மினுங்கியது.

"இவ்வளவு சின்னப் புள்ளையா இருக்க! நான் ஏதோ மீசை வச்ச ஆளா இருக்கும்னு நெனச்சேன்," என்று உள்ளே கூட்டிப்போனாள்.

தையல் மெஷின் பலகைமேல் பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் புதியது வாங்கியதும் விட்டுவிட்டுப் போனது. விளையாட்டையும் அவள்தான் போட்டாளாம்.

"அவ பட்டைய கட்டிக்கிட்டு உக்காந்தா, பத்து நிமிசத்துல அலறியடிச்சு மூடிட்டா. என்னடி இது, இதுக்கா இப்படிக் கத்துறேன்னு நான் உக்காந்தேன். ஒண்ணையுமே காணோம். எனக்குப் பிடிச்சுப் போச்சு." வேல்தாய் விளையாட்டைத் திறந்து காட்டினாள். வெள்ளைப் பரப்பில் விறுவிறுவென்று நடந்தாள். அவளுக்கு அங்கே எல்லாம் அத்துபடி. எந்தப் பாத்தியில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும், எந்தக் குடிசை வாசலில் காற்று வரும் என்று சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவது போலக் காட்டினாள். பிரிசில்லாவே மறந்துபோயிருந்த ஒரு கொக்கைக் காட்டினாள்.

"என்ன வேலைக்குப் போறீங்கக்கா?"

"வெடி ஆபீஸ். மருந்து அடைக்கிற ரூம். இருவத்திரண்டு வருசம் ஆச்சு." பட்டாசுத் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். "ஒரு ரூமுக்கு நாலு பேரு. உள்ள போறப்ப செருப்பு, வளையல், ஹேர்பின், போனு எதுவும் ஆகாது. இந்தப் பட்டையையும் கேட்டுல குடுத்துரணும். வாசல்ல ஒரு செம்புத் தகடு இருக்கும், அதத் தொட்டுட்டுத்தான் நொழையணும், ஒடம்புல இருக்குற கரண்டு போகணும்ல. ரூமுக்கு நாலு பக்கமும் கதவு."

"ஏன் நாலு கதவு?"

"ஓடுறதுக்குத்தான்." சிரித்தாள். "ரெண்டு வருசம் முன்னாடி பக்கத்து ரூமு போச்சு. மூணு பேரு. எங்க ரூம்ல எல்லாவளும் ஓடிட்டாளுக. நான் மட்டும் ஓடல. மருந்துத் தட்டக் கையில பிடிச்சபடியே நின்னேன், ஒரு பொட்டுகூடச் சிந்தல. வேல்தாயிக்கு நெஞ்சுல இரும்புன்னு போர்மேன் இன்னைக்கும் எல்லார்கிட்டயும் சொல்வாரு. அடுத்த வாரமே அதே ரூமுக்குப் போனவ நான் ஒருத்திதான்."

பிரிசில்லா அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத் தூங்குவீங்களாக்கா?"

"படுத்த ஒடனே தூங்கிருவேன். அரை மணிக்கொரு தரம் முழிப்பு வரும். வயசாயிருச்சுல்ல?" பிறகு வேல்தாய் திரையைப் பார்த்துவிட்டு, மனசில் வெகுநாளாக இருந்ததைக் கேட்டாள். "ஆமா தாயி, எல்லாரும் ஏதோ ஒரு ஆளு வாரான் வாரான்னு எழுதுறாங்களே, எங்கிட்ட மட்டும் ஏன் வர மாட்டேங்குறான்? நான் பயப்பட மாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சோ?"

பஸ்ஸில் வரும்போது பிரிசில்லா எத்தனையோ பதில்களை ஒத்திகை பார்த்திருந்தாள். பட்டை பழசு, விளையாட்டில் கோளாறு, சீக்கிரம் சரிசெய்கிறோம். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் உள்ளதைச் சொன்னாள். ரொம்பப் பயந்துபோனவர்களை விட்டுவிடும்படி அவனுக்குச் சொல்லி வைத்திருப்பதைச் சொன்னாள். தொண்ணூறைச் சொன்னாள்.

வேல்தாய் பட்டையைக் கழற்றி நீட்டினாள். "இது கெட்டுப்போன சாமான். மக அப்பவே சொன்னா. எந்நேரமும் செவப்பாத்தான் எரியும்."

பிரிசில்லா அதைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். விளக்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்து, ஒரு நிமிடத்தில் பச்சையானது.

தெருவில் யாரோ குடத்தைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. வேல்தாயின் தோள்கள் ஒரு துடி துடித்து அடங்கின. அதை அவள் கவனிக்கவே இல்லை.

"எனக்குப் பயம்னா எனக்கே தெரியாமலா இருக்கும்?" என்றாள் மெதுவாக.

வேல்தாய் எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள், போகும்போது காராச்சேவுப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள், பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள். ஆனால் வழியில் அதிகம் பேசவில்லை.

புதன்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"தாயி, கை நடுங்குது."

"அக்கா?"

"திங்கக்கெழம ரூமுக்குப் போனேன். தட்டத் தூக்குனேன். நடுங்கிச்சு. இருவத்திரண்டு வருசம் நடுங்காத கை. போர்மேன் பாத்துட்டு, நீ உள்ள வேண்டாம், ஒன்னோட சேத்து நாலு உசுரும் போயிரும்னு வெளிய அனுப்பிட்டாரு. செவ்வாக்கெழமயும் போயிப் பாத்தேன். அந்தச் செம்புத் தகட்டத் தொடக்கூட முடியல."

குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் பிரிசில்லாவுக்குத் தேவலை என்றிருக்கும்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. என்னை மன்னிச்சிருங்க."

"நீ என்ன செய்வ தாயி? இருந்ததத்தான் சொன்ன." மறுமுனையில் பெருமூச்சு. "ஆனா தெரியாமலே இருந்திருந்தா நான் பாட்டுக்குப் போயிட்டு வந்திட்டிருப்பேன். அவ்வளவுதான்." போன் வைக்கப்பட்டது.

பிரிசில்லா சொன்னதையெல்லாம் மொய்தீன் ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டான்.

"நீ சொல்லலன்னா அந்தக் கை என்னைக்காவது ஒரு நாள் உள்ள வச்சே நடுங்கியிருக்கும்," என்றான்.

"நடுங்காமலேயும் இருந்திருக்கும். யாருக்குத் தெரியும்? ஒரு மனுஷியோட தைரியத்த ஒரு பச்ச லைட்டக் காட்டிப் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

அவன் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி வெகுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். சாயங்கால டீ ஆறிப்போனது.

"இத பாரு," என்று ஒருவழியாகக் கூப்பிட்டான். "தரைக் கணக்கு வேண்டாம். தொண்ணூறு அப்படியே இருக்கட்டும். பட்டையில இருக்குத ஊதா வெளிச்சத்த வச்சு மனுஷத் தோலான்னு முதல்ல பாத்துக்கிடுவோம். ஆடு, கோழி எல்லாம் வெளிய. கயிறு தாண்டிட்டு வாரவனுக்கு கால்மணி நேரத்துல துடிப்பு எறங்கிரும். எறங்குத வரைக்கும் ஆட்டத்தோட கடிகாரம் ஓடாது. எறங்கவே எறங்காதவங்கள அளத்தான் தொடவே மாட்டான். அவங்க ஏழு நாளு கணக்குலயும் வர மாட்டாங்க, போட்டியிலயும் வர மாட்டாங்க. சும்மா இருந்துட்டுப் போகட்டும்."

பிரிசில்லா அவனைப் பார்த்தாள். "உன் காலடிச் சத்தம்?"

"கேக்குதவங்க கேக்கட்டும்." கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்ணு. இந்தக் கணக்கெல்லாம் அவங்கவங்க கம்ப்யூட்டர்லயே முடியட்டும். நமக்கு வரவே வேண்டாம். இதுவரைக்கும் வந்ததையும் அழிச்சிருவோம்."

"அழிச்சிட்டா அந்த நாப்பத்தொரு பேருக்கும் என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியவே தெரியாதே."

"தெரியக் கூடாது பிரிசி. நாட்டுல எவனெவன் பயந்து கெடக்கான்னு ஒரு லிஸ்ட்டு நம்ம கையில இருக்கு. இன்னைக்கு நாம நல்லவங்க. நாளைக்கு இத எவன் வெலைக்குக் கேப்பான்னு யோசிச்சுப் பாரு. பயந்தவனுக்கு எதையும் விக்கலாம்."

அன்றைக்கே அழித்தார்கள். உறுதியா என்று கம்ப்யூட்டர் இரண்டு முறை கேட்டது. முதல் முறை மொய்தீன் ஆமென்றான், இரண்டாம் முறை பிரிசில்லா.

புதிய பதிப்போடு ஒரு அறிவிப்பும் போட்டாள். 'இந்த விளையாட்டைத் திறக்கும்போதே மிகவும் பயந்திருப்பவர்களை அளத்தான் நெருங்க மாட்டான். இது கோளாறு இல்லை. தெரிந்தேதான் வைத்திருக்கிறோம். அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இங்கே இருக்கலாம்.'

எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே அனுபவம்தான் வேண்டும் என்று சொல்லி, அந்தப் பெட்டி நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. பிரிசில்லா மறுபடியும் வெளியாட்களுக்குப் புல் வரைந்து கொடுக்க ஆரம்பித்தாள். அறிவிப்பை முதலில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பயந்தாங்கொள்ளிகளுக்கு இலவச அனுமதி என்றார்கள். நாலைந்து நாள் கழித்து, யாரோ ஒருவர் எழுதினார். 'எனக்கும் அவன் வந்ததே இல்லை. ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. டாக்டரிடம் போகப் போகிறேன்.' அதன் அடியில் இன்னொருவர் 'நானும்' என்று மட்டும் எழுதினார். அதற்கும் கீழே, ஒரு கல்லூரிப் பெண். அப்புறம் ஒரு லாரி டிரைவர். கேலி செய்தவர்கள் தாங்கள் எழுதியதை ஒவ்வொருவராகச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போனார்கள்.

வேல்தாயிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிரிசில்லா இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை மகள் எடுத்து, அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருப்பதாகவும், அங்கே ஒரு டாக்டரம்மா வாராவாரம் பேசுவதாகவும் சொன்னாள். அவள் குரலில் ஒட்டுதல் இல்லை. இரண்டாம் முறை யாரும் எடுக்கவில்லை. அதற்குமேல் தொந்தரவு செய்ய பிரிசில்லாவுக்கு முகமில்லை.

ஐந்து மாதம் ஓடிப்போனது. ஒரு நாள் சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். மொய்தீன் ஜன்னலோரம் எதையோ பதிவு செய்துகொண்டிருந்தான். பிரிசில்லாவின் போன் அடித்தது. வேல்தாய்.

எடுத்ததும் எடுக்காததுமாக மறுமுனை வெடித்தது. "என்ன தாயி பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? நான் பாட்டுக்குக் குடிசையில உக்காந்திருக்கேன், பின்னாடி நறநறன்னு சத்தம்! திரும்பிப் பாத்தா பனமரம் ஒசரத்துக்கு ஒருத்தன் நிக்கான், மூஞ்சியே இல்ல! கத்துன கத்துல பக்கத்து வீட்டு ராக்கு மதினி கரண்டியோட ஓடியாந்துட்டா! இத்தன நாளு நல்லாத்தான இருந்துச்சு? கெடுத்துப்புட்டீங்களே! நல்லா இல்லன்னு எழுதிப் போட்டுட்டேன், சொல்லிட்டேன்!"

பிரிசில்லா கையைக் காட்டி மொய்தீனைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாங்க எதையும் மாத்தலக்கா," என்றாள். "அஞ்சு மாசமா எதையுமே தொடல."

"பின்ன எப்படி வந்தான்?"

மறுமுனையில் ராக்கு மதினி ஏதோ கேட்பதும், "இரு மதினி" என்று வேல்தாய் அவளை அமர்த்துவதும் கேட்டன. அப்புறம் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று மொய்தீன் குனிந்து பார்த்தான்.

"தாயி," என்றாள் வேல்தாய், முற்றிலும் வேறு குரலில். "பட்டை மஞ்சளா எரியுது."

"ம்."

"இப்ப நோட்டு பைண்டிங் ஆபீஸுக்குத்தான் போறேன். ஒரு மாசமா முழிப்பு வாரதில்ல. விடியத்தான் எந்திரிக்கேன். அப்படீன்னா..." அவள் முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மொய்தீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஆமாக்கா," என்றாள் பிரிசில்லா.

"சரி சரி, அதுக்காக இவன இப்படியே நிக்க விடவா? வாசல மறிச்சுக்கிட்டு நிக்கான் கெரகம் பிடிச்சவன். எப்படி வெரட்டணும், அதச் சொல்லு மொதல்ல!"

"ஓடாதீங்கக்கா. ஓடுனா பிடிச்சிருவான். குடிசை மூலையில உக்காந்து மூச்ச அடக்குங்க. பன்னெண்டு எண்ணுத வரைக்கும் அவனுக்கு உங்க மூச்சு கேக்கக் கூடாது. கேக்கலன்னா போயிருவான்."

"பன்னெண்டா? செத்தேன்." மறுமுனையில் நாற்காலி இழுபட்டது. "மதினி, நீயும் மூச்ச விடாத. இந்தப் பெட்டிக்குக் காது இருக்கு."

பிறகு அமைதி. மொய்தீன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். ஏழாவது விரலில்தான் பிரிசில்லாவுக்கு உறைத்தது, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று. விடாமல் அப்படியே நின்றாள். ஒன்பது. பத்து. பதினொன்று.

சாத்தூரில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சை விட்டுவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார்கள்.